பந்தைத் தொடாமல் ஆட்டத்தை முடிப்பவர்: ஆரன் டோனால்டை வைத்து டிஃபென்ஸ் ஒரு பாலபாடம்

2022 பிப்ரவரி 13. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் சோஃபை மைதானம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம், சூப்பர் பௌல், முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. பந்து பெங்கால்ஸ் கையில். இன்னும் ஒரு யார்டு நகர்ந்தால் முயற்சிகள் புதிதாகத் தொடங்கும். அப்புறம் கொஞ்ச தூரம் போய், பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி 3 புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்று அடித்தால் ஆட்டம் சமன். பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், ஜோ பர்ரோ பந்தை வாங்கிப் பின்னால் நகர்ந்தார். நடு வரிசையைப் பிளந்துகொண்டு வந்த 99-ஆம் எண் சட்டைக்காரர் அவரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். விழுகிற அவசரத்தில் பர்ரோ தூக்கிப் போட்ட பந்து யார் கைக்கும் எட்டாமல் புல்லில் விழுந்தது. கோப்பை ராம்ஸுக்கு.

அந்த 99 ஆரன் டோனால்ட். அன்றைய ஆட்டக் கணக்கைப் புரட்டினால் அந்தக் கடைசி முயற்சி ‘பாஸ் பிடிபடவில்லை’ என்ற ரகத்தில்தான் இருக்கும். டோனால்டுக்கு அதில் சேக் கிடையாது, டேக்கிள் கிடையாது; அதாவது ஆளை வீழ்த்தியதாக ஒரு கணக்கும் இல்லை. அதற்கு முந்தைய முயற்சியில், ஓடி வந்த பெங்கால்ஸ் வீரரை ஓர் அங்குலம்கூட முன்னேற விடாமல் இழுத்து நிறுத்தியவரும் அவரேதான். ஆட்ட நாயகன் விருது, எறிந்த பந்தைப் பிடிக்கும் ராம்ஸ் ரிசீவர் கூப்பர் கப்புக்குப் போனது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கப் ஆடிய ஆட்டம் அப்படி. ஆனால் டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் உழைப்பு புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் ஏன் படுவதில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். நாம் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் பந்தைத் தொடுவதே அபூர்வம்.

முதலில் நாலு விதி

பெயர்தான் கால்பந்து, காலுக்கு வேலை குறைவு. மைதானத்தின் நீளம் 100 யார்டு. ஒரு யார்டு என்பது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 முயற்சிகள். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். 10 யார்டு எட்டினால் மறுபடி 4 டவுன் கிடைக்கும். எட்டாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு டவுனும் நாலைந்து நொடியில் முடிந்துவிடும், பிறகு எல்லாரும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரே அணியில் தாக்குவதற்கு ஓர் 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். டோனால்ட் தடுக்கும் 11-இல் ஒருவர். அந்தப் பதினொன்றிலும் மூன்று அடுக்கு உண்டு. முன்னால் தரையில் கையூன்றி நிற்பது டிஃபென்சிவ் லைன். அதற்குப் பின்னால் லைன்பேக்கர்கள். கடைசியில் பாஸைத் தடுக்கும் கார்னர்பேக்குகளும் சேஃப்டிகளும். பின் இரண்டு அடுக்கும் தனித்தனிப் பாடம். இங்கே முன்வரிசை மட்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘டேக்கிள்’ என்ற சொல்லுக்கு இந்த ஆட்டத்தில் மூன்று பொருள். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது டேக்கிள். தாக்கும் வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள் டேக்கிள். தடுக்கும் வரிசையின் நடுவில் நிற்பவரும் டேக்கிள். டோனால்ட் மூன்றாம் வகை. புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

எங்கே நிற்கிறார் என்பதே பாதி விஷயம்

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் மதிலாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் ஆளுக்கொரு கார்டு, அதற்கு வெளியே ஆளுக்கொரு டேக்கிள். சென்டர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுப்பதுதான் ஸ்னாப். இந்த ஐவருக்கு இடையிலுள்ள சந்துகளுக்கும் பெயர் உண்டு. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ. கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி. டேக்கிளுக்கு வெளியே சி.

தடுப்பவர் எந்த இடத்துக்கு எதிரே நிற்கிறார் என்பதை எண்ணால் சொல்வார்கள். சென்டரின் மூக்குக்கு நேராக நின்றால் 0. சென்டரின் தோளோரமாக நின்றால் 1. கார்டின் வெளித்தோளுக்கு எதிரே 3. டேக்கிளின் வெளித்தோளுக்கு எதிரே 5. இதை டெக்னிக் என்பார்கள். டோனால்டின் பெயர் வந்தாலே கூடவே வருவது அந்த 3.

3-இல் நிற்பவருக்கு பி சந்து நேர் வழி. உதவிக்கு வர வேண்டிய சென்டர் கார்டின் மறுபக்கத்தில் இருக்கிறார். அவர் வந்து சேர ஓர் எட்டு, ஒன்றரை எட்டு ஆகும். அந்த நேரத்துக்குக் கார்டு தனியாள். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். ஓரத்திலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தால் குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னால் வந்து தப்பித்துக்கொள்வார். பாய்ந்தவர் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போய்விடுவார். நடுவிலிருந்தே ஆள் வந்தால் முன்னால் எடுத்து வைக்க இடமே இல்லை. எறிவதற்கு முன்காலை ஊன்ற முடியாது. ஊன்றாமல் எறிந்த பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

நடுவில் நிற்பவருக்கு இரண்டு விதமாக வேலை கொடுக்கலாம். எதிரே நிற்பவரைக் கைநீட்டித் தாங்கிக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, இருபக்கச் சந்துக்கும் பொறுப்பேற்பது ஒன்று. அதற்கு 150 கிலோ ஆட்கள் தேவை. ஒரே ஒரு சந்தை மட்டும் கொடுத்து, ஸ்னாப் ஆன மறுகணம் அதன் வழியே பாயச் சொல்வது மற்றொன்று. டோனால்டின் பதிவு செய்யப்பட்ட உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 280 பவுண்டு, அதாவது 127 கிலோ. அவர் எதிரில் நிற்கும் கார்டுகள் பெரும்பாலும் 6 அடி 4 அங்குலம், 140 கிலோவுக்கு மேல். இப்படிப்பட்டவரை முதல் வேலையில் போட்டிருந்தால் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் வீணாகியிருப்பார். 2017-இல் ராம்ஸின் தடுப்புப் பயிற்சியாளராக வந்த வேட் பிலிப்ஸ் தன் வாழ்நாள் முழுக்க இரண்டாம் வழியை நம்பியவர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீகின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதை டோனால்ட் வாங்கினார்.

இரண்டரை நொடி

ஸ்னாப் ஆனதிலிருந்து பந்து குவார்ட்டர்பேக் கையை விட்டுப் போவதற்குச் சராசரியாக இரண்டரை நொடிக்குச் சற்று மேல். தடுப்பவரின் தொழில் முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான்.

முதலில் நிலை. ஒரு கை தரையில், இடுப்பு தலையை விடச் சற்று மேலே, எடை முன்பக்கம். குவார்ட்டர்பேக் கத்தும் குரலைக் கேட்டுக் கிளம்பக் கூடாது. அவர் ஏமாற்றுவதற்காகவே குரலை மாற்றிக் கத்துவார். கடைக்கண்ணால் பந்தைப் பார்த்து, அது அசைந்ததும் கிளம்ப வேண்டும். அதற்கு முந்தி, பந்து வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் கோட்டைத் தாண்டினால் 5 யார்டு தண்டனை. மூன்றாம் டவுனில் 4 யார்டு வேண்டியிருந்த எதிரணிக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை.

முதல் எட்டு குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக எடுத்து வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது கார்டின் கை வந்து நெஞ்சில் விழும், ஆள் பக்கவாட்டில் சாய்வார். இரண்டாவது எட்டு தரையில் படும்போது கைச் சண்டை தொடங்கிவிடும். பலரும் இதைத் தோள் பலத்தின் சண்டை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது மணிக்கட்டுகளின் சண்டை. கார்டு இரண்டு கையையும் நீட்டித் தடுப்பவரின் நெஞ்சுப் பட்டையைப் பற்றிவிட்டால் கதை முடிந்தது. உடம்புச் சட்டகத்துக்குள்ளேயே பற்றினால் அதை நடுவர் பெரும்பாலும் விட்டுவிடுவார். ஆகவே அந்தக் கை நெஞ்சுக்கு வந்து சேரும் முன் மணிக்கட்டைத் தட்டி இறக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கையைக் குறுக்கே கொண்டுவந்து வெட்டுவது போல் அடிப்பதற்கு கிராஸ் சாப் என்று பெயர். கை இறங்கியதும் தன் மற்றொரு கையைக் கார்டின் அக்குளுக்கு அடியில் கீழிருந்து மேலாகக் கொடுத்துத் தூக்குவது ரிப். தலைக்கு மேலாகக் கையை வீசி, நீந்துவது போல் கடந்து போவது ஸ்விம். அடித்து, தூக்கி, இடுப்பைக் குவார்ட்டர்பேக் பக்கம் திருப்பிவிட்டால் கார்டு பின்னால் நிற்பார்.

சொல்ல எளிது. கெடுவதற்கு வழிகள் ஏராளம். அடி ஒரு கணம் முந்தினால் கார்டின் கை இன்னும் வந்திருக்காது; காற்றை வெட்டிவிட்டு முன்னால் தள்ளாட வேண்டியதுதான். பிந்தினால் பற்று விழுந்துவிடும். மணிக்கட்டுக்குப் பதில் முழங்கைக்கு அருகே அடித்தால் கை வளையுமே தவிர இறங்காது. ஸ்விம் போடும்போது விலாப்புறம் திறந்து கிடக்கும். பக்கத்திலிருந்து சென்டர் அங்கே ஒரு இடி இடித்தால் மல்லாந்து விழ வேண்டியதுதான். எல்லாவற்றையும் விடப் பொதுவான தப்பு, களைத்துப்போய் நிமிர்ந்துவிடுவது. யாருடைய தோள் தாழ்வாக இருக்கிறதோ அவர்தான் மற்றவரைத் தள்ளுவார். டோனால்ட் குள்ளம் என்று தேர்வாளர்கள் தயங்கிய அதே விஷயம் இங்கே அவருக்கு முதலீடு. 6 அடி 4 அங்குல ஆள் அவர் தோளுக்குக் கீழே வர முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். டோனால்ட் சும்மா நின்றாலே கீழே இருக்கிறார்.

கை வேகத்துக்காக அவர் செய்த பயிற்சி ஒன்றின் வீடியோ பரவலாகச் சுற்றியது. பயிற்சியாளர் இரு கையிலும் முனை மழுங்கிய போலிக் கத்திகளை வைத்துக் குத்த வருவார். இவர் மணிக்கட்டைத் தட்டித் தட்டி விலக வேண்டும். பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஆனால் மேலே சொன்ன கார்டின் கையை நினைத்துக்கொண்டு பார்த்தால் அதில் ஒரு அசைவுகூட வீண் இல்லை.

கடைசிக் கட்டமும் லேசில்லை. குவார்ட்டர்பேக்கை எட்டிய பிறகு தலையில் அடித்தாலோ, முழங்காலுக்குக் கீழே பாய்ந்தாலோ, முழு உடல் எடையையும் அவர் மேல் போட்டு விழுந்தாலோ 15 யார்டு தண்டனை, கூடவே எதிரணிக்குப் புதிதாக 4 டவுன். முழு எடை விஷயத்தில் 2018-இல் நடுவர்கள் கெடுபிடி காட்டத் தொடங்கினார்கள். 120 கிலோ ஆள் ஓடி வந்த வேகத்தில் காற்றிலேயே உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் விழ வேண்டும் என்றால் அது தனி வித்தை.

எதிரணி சும்மா இருக்குமா

ஒருவர் இந்த அளவு வல்லவர் என்றால் அவர் மேல் இரண்டு பேரைப் போடுவார்கள். கார்டு முன்னால் பிடிக்க, சென்டர் பக்கத்திலிருந்து வந்து சேர்வார். டோனால்டுக்கு இது ஏறக்குறைய தினசரிச் சோறு. சில அணிகள் மூன்றாம் ஆளையும் அனுப்பிப் பார்த்தன.

இன்னும் தந்திரமான வழி, அவர் வேகத்தை அவர் மேலேயே திருப்புவது. ட்ராப் என்ற உத்தியில் அவரைத் தடுக்காமலே விட்டுவிடுவார்கள். வழி திறந்திருக்கிறதென்று அவர் உள்ளே பாய்வார். அந்த நேரம் பார்த்து வரிசையின் மறுபக்கத்திலிருந்து ஓடி வரும் ஒரு கார்டு விலாவில் மோதித் தள்ளுவார், பந்தோடு ஓடுபவர் அவர் விட்டுப்போன ஓட்டை வழியாகப் போய்விடுவார். ஸ்க்ரீன் பாஸில் எல்லாரையும் உள்ளே வரவிட்டு அவர்கள் தலைக்கு மேலாகப் பக்கத்தில் இருப்பவருக்குப் பந்தைப் போடுவார்கள். ‘இவ்வளவு சுலபமாக வழி கிடைக்கிறதே’ என்று சந்தேகப்படத் தெரிவதற்கே ஒருவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இரண்டு பேர் ஒருவரையே பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் தனித்தனி ஆளை எதிர்கொள்கிறார்கள். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் ரன் கொடுக்காமல் கட்டிப்போட, மறுமுனையில் இருப்பவர் விக்கெட்டை அள்ளுவாரே, அதே கணக்கு. அந்தச் சூப்பர் பௌலில் ராம்ஸ் பர்ரோவை 7 முறை வீழ்த்தியது. டோனால்டுக்கு 2, ஓரத்திலிருந்து வந்த வான் மில்லருக்கு 2.

சேக் என்ற எண்

குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன், கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தினால் அது சேக். இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. புள்ளிவிவரங்களில் .5 வருவது அதனால்தான். இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் 1960-களில் இதே ராம்ஸுக்கு ஆடிய டீக்கன் ஜோன்ஸ். எதிராளியின் ஹெல்மெட் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்துவிட்டு ஓடுவது அவர் பாணி. அந்த அறை 1977-இல் தடை செய்யப்பட்டது. சேக் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியதே 1982-இல்தான் என்பதால் அவர் எடுத்தவை சாதனைப் பட்டியலில் சேரவில்லை.

டோனால்டின் மொத்தம் 154 ஆட்டங்களில் 111. உச்சம் 2018-இல் 20.5, அதுவரை நடுவில் நிற்கும் டேக்கிள் ஒருவர் ஒரே சீசனில் எடுத்த அதிகபட்சம் கீத் மில்லார்டின் 18, அது 1989-இல். சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது அவருக்கு 2017, 2018, 2020 என மூன்று முறை. இதே எண்ணிக்கையில் வாங்கியவர்கள் லாரன்ஸ் டெய்லரும் ஜே. ஜே. வாட்டும். ஆனால் சேக்கை மட்டும் வைத்து ஒருவரை எடை போடுவது தப்பு. எறிய வைத்த அவசரம், அசைத்து விட்ட கால், இழுத்துக்கொண்ட இரண்டாவது ஆள் எதுவும் அந்த எண்ணில் வராது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன முயற்சியே சாட்சி.

பள்ளியிலிருந்து சம்பளம் வரை

1991-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். வீட்டு நிலவறையில் அப்பா அமைத்த உடற்பயிற்சிக் கூடத்தில், பன்னிரண்டு வயதிலிருந்தே விடியற்காலை நாலரைக்கு அப்பாவோடு எடை தூக்கியவர். பென் ஹில்ஸ் பள்ளி, பிறகு பக்கத்திலேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் தொழில்முறை லீகில் சேர முடியாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கல்லூரி. 2013-இல், கடைசி ஆண்டில், டோனால்ட் நாட்டின் நான்கு பெரிய கல்லூரி விருதுகளை ஒரே சீசனில் அள்ளினார்.

அடுத்த படி, பிப்ரவரி மாத உடல்திறன் தேர்வு. 40 யார்டு ஓட்டம் 4.68 நொடி. 225 பவுண்டு, அதாவது 102 கிலோ கம்பியைப் படுத்தவாக்கில் 35 முறை தூக்கினார். இவ்வளவுக்குப் பிறகும், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் அவர் பெயர் முதல் சுற்றில் 13-ஆவதாகத்தான் வந்தது. அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் எடுத்தது. அணி 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் போனது.

டிராஃப்டில் வருபவரின் சம்பளம் எந்த எண்ணில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே தீர்மானமாகிவிடும். டோனால்டுக்கு நாலு ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர். முதல் சுற்று வீரரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் விருது வாங்கியவருக்கு இது கட்டுப்படியாகாது. கையில் இருக்கும் ஒரே ஆயுதம், பயிற்சி முகாமுக்கு வராமல் இருப்பது. நாளுக்கு 40,000 டாலர் வரை அபராதம் போடலாம் என்ற நிலையில் 2017, 2018 இரண்டு கோடையிலும் அவர் வரவில்லை. 2018 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தானது: 6 ஆண்டு, 13.5 கோடி டாலர். டிஃபென்ஸ் வீரர் வரலாற்றில் அதுவே அதிகம். மறுநாளே இன்னொரு டிஃபென்ஸ் வீரர் கலீல் மேக் 14.1 கோடிக்குக் கையெழுத்திட்டார்!

இந்தப் பெரிய எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த லீகில் ஒப்பந்தத் தொகை முழுவதும் கைக்கு வரும் என்று அர்த்தமில்லை. உத்தரவாதத் தொகை எவ்வளவு என்பதுதான் கேள்வி. டோனால்டுக்கு அது 8.7 கோடி. மீதி, அவர் அணியில் இருக்கும்வரைதான். கோடை முகாமில் 90 பேர் இருப்பார்கள், சீசன் தொடங்கும்போது 53 பேர்தான். பயிற்சி அணியில் இன்னும் 16 பேருக்கு இடம். சராசரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் என்பது வீரர்கள் சங்கத்தின் கணக்கு. நட்சத்திரத்தின் சம்பளத்தைப் பார்த்துத் தொழிலை எடை போட முடியாது.

வாரமும் உடம்பும்

சீசன் 18 வாரம், 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. வழக்கமான வாரத்தில் ஞாயிறு ஆட்டம். திங்கள் சிகிச்சையும் நேற்றைய ஆட்டத்தின் பதிவும். செவ்வாய் விடுமுறை, பலர் அன்றும் மசாஜுக்கும் பனிக்கட்டித் தொட்டிக்கும் போவார்கள். புதனும் வியாழனும் முழுப் பயிற்சி, வெள்ளி பாதி, சனி நடந்து பார்த்தல். முழுக் கவசத்தோடு மோதும் பயிற்சியை வழக்கமான சீசன் முழுவதற்கும் 14 முறைதான் வைக்கலாம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. மிச்ச நேரம் பெரும்பாலும் திரைக்கு முன்னால். எதிர்வரும் கார்டு ஓட்டத்துக்குத் தயாராகும்போது விரலில் எடை அதிகம் வைத்து முட்டி வெளுக்க ஊன்றுகிறாரா, பாஸ் என்றால் குதிகாலில் சாய்கிறாரா என்பதையெல்லாம் அங்கேதான் பிடிப்பார்கள்.

நடு வரிசையில் ஒவ்வொரு டவுனும் மோதல். ஓரத்தில் ஆடுபவருக்குப் போல ஒதுங்க இடமில்லை. ஆகவே மற்ற அணிகள் டேக்கிள்களை மாற்றி மாற்றி இறக்கும். டோனால்ட் பெரும்பாலான டவுன்களில் களத்திலேயே இருந்தார். கணுக்கால், முழங்கால், விரல், விலா எதுவும் தப்பாது. 2021 ஜனவரியில் விலாக் குருத்தெலும்பு கிழிந்த நிலையில் கிரீன் பேயில் ஒரு நாக்கவுட் ஆட்டம் ஆடினார். டோனால்டின் பாதிதான் அன்று தெரிந்தது, ராம்ஸ் தோற்றது. 2022-இல் கணுக்கால் சுளுக்கில் கடைசி 6 ஆட்டம் வெளியே. தலையில் விழும் சின்னச் சின்ன இடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைப் பாதிப்பது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. மயக்கம் போடும் பெரிய அடி இல்லாமலே அது நடக்கக்கூடும் என்பதால் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் கவலை அதிகம்.

2024 மார்ச் 15 அன்று, 32 வயதில், ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மீதி இருக்கும்போதே ஓய்வை அறிவித்தார். ஆடியது 10 சீசன், பத்திலும் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்குத் தேர்வு. ஓய்வுபெற்று ஐந்து சீசன் கழித்துத்தான் சாதனையாளர்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பெயர் எடுக்கப்படும். அவர் முறை 2029-இல்.

இனி ஒரு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் மூன்றாம் டவுனில் 7, 8 யார்டு தேவைப்படும் தருணத்துக்குக் காத்திருங்கள். ஸ்னாப் ஆனதும் பந்தை மறந்துவிட்டு, சென்டருக்கும் டேக்கிளுக்கும் இடையே நிற்கும் கார்டின் கைகளை மட்டும் பாருங்கள். அவை எதிராளியின் நெஞ்சில் பட்டு நின்றால் பாஸ் போய்விடும். காற்றில் தட்டிவிடப்பட்டால் அடுத்த நொடி குவார்ட்டர்பேக் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்.